விழுந்தபோது கைகொடுத்தவர்களுக்கு

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய். மூளை சொல்வது காலுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும், சில நேரம் போகவே போகாது. இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுகிறார்களாம். நானும் விழுந்தேன், நிறையவே. அப்போதெல்லாம் உதவிய பினாங்கு மக்களுக்கு இந்த மடல்.

லிட்டில் இந்தியா பூக்கடை அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. அஞ்சடியில், அதாவது கடைவரிசைக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில், கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். என் வலது பாதத்தின் முன்பக்கம் சரியாகத் தூக்காது, அந்த விளிம்பில் தட்டிக் குப்புற விழுந்தேன். நாலு பேர் அக்குளில் கைவிட்டுத் தூக்க வந்தபோது, "விடுங்க, அவங்களே சொல்லட்டும்" என்று தடுத்தீர்கள். மல்லிகைக் கூடையை இறக்கிவிட்டு உங்கள் நாற்காலியை என் முன்னால் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். அதைப் பற்றி, முட்டிபோட்டு, நானே எழுந்தேன். கால் விறைத்துக் கிடப்பவரை வெடுக்கென்று இழுத்தால் தோள்பட்டைதான் போகும். இதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ!

அப்புறம் எனக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ தம்பி. எல்லோரும் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்க, "எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தீங்க?" என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். நோட்டில் எழுதிப் பார்த்தால், பாதி விழுந்தது வீட்டுக்குள்ளேயே. சிறுநீர் முட்டிக்கொண்டு கழிவறைக்கு ஓடும்போது. கைப்பேசியில் பேசிக்கொண்டே திரும்பும்போது. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வெளியே வரும்போது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதப்பட்ட நரம்பில் செய்தி தடுமாறும் என்று நீங்கள் சொன்ன பிறகு பச்சைத்தண்ணீருக்கு மாறிவிட்டேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டிருந்த பிள்ளைகளுக்கும் நன்றி. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைச் சப்பாத்துக்குள்தான் போட முடியும், நானோ வெறுங்கால். ரோடெல்லாம் உடைத்த தேங்காய்த் தண்ணீர். என் தள்ளாட்டத்தைப் பார்த்து யாரோ "குடிச்சிருக்குமோ" என்றார். நீங்கள் எதுவும் கேட்காமல் உட்காரவைத்து, ஐஸ்பெட்டியில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டீர்கள். 513 படி ஏறாத குறையே தெரியவில்லை.

பயந்துபோய் வீட்டிலேயே கிடந்தால் கால் இன்னும் பலம் குறையும் என்று தினமும் பொழுது சாய்ந்ததும் பாடாங் கோத்தா கடலோரத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போகும் தோழிக்கு என்ன சொல்ல? வாயாடி அவள். எனக்காக, நடக்கும்போது வாயை மூடிக்கொள்கிறாள். ஊர்க்கதை எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான்.

கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை), வாசலில் வழுக்கிக்கொண்டே இருந்த அந்த மிதியடியைச் சுருட்டி எடுத்துப் போனீர்களே, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.