பேத்தியும் புவியியலும்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி. அதற்காக நடையை விட்டுவிடாதே. எனக்கு ஓய்வுக்குப் பின் நேரம் நிறைய இருக்கிறது, பாடம் கேட்கத்தான் ஆளில்லை. நீயோ பேத்தி கதையை எழுதி வம்பை விலைக்கு வாங்கிவிட்டாய்.

புவியியல் வெறும் மனப்பாடம் என்கிறாளா? ஆறு, தலைநகர், கனிமம் என்று பெயர்களாகவே கொட்டினால் யாருக்குத்தான் அலுக்காது! முதலில் ஓர் உலக உருண்டை வாங்கிக் கொடு. டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல். பசிபிக்கைக் குறுக்கே தாண்டும் என்று நினைப்பாள். நூல் அலாஸ்கா பக்கம் ஏறிப் போகும். அதுதான் குறுகிய வழி. சுவர் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் வேறு வழி காட்டுமே, ஏன் என்று கேள். உடனே பதில் சொல்லிவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உருண்டையைத் தட்டையாக்கினால் எதையாவது இழந்தே ஆக வேண்டும். வரைபடம் வரைபவரான மெர்கேட்டர் 1569-இல் மாலுமிகளுக்காக ஓர் உலகப் படம் வரைந்தார். திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துப் போகும் பாதை அவர் படத்தில் நேர்கோடாக விழும். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருத்துவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது அதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு. இதைப் புரிந்துகொண்டவள் எந்த வரைபடத்தையும் அப்படியே நம்பமாட்டாள். பத்துத் தலைநகர்களை ஒப்பிப்பதைவிட எனக்கு இது பெரிது.

பருவகாலத்தில் அவளை மடக்க ஒரு கேள்வி: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், அப்போது வட அரைக்கோளத்தில் ஏன் குளிர்காலம்? தூரத்தை விட்டுவிட்டு 23½ பாகை அச்சுச் சாய்வுக்கு அவளே வந்து சேரட்டும். நேரக் கணக்கு சுலபம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு 15 பாகை தீர்க்கக்கோடு, அவ்வளவுதான்.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகளில் மட்டும் அவசரம் வேண்டாம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். பென்சிலை எடுத்துக் குறுக்குவெட்டு வரைந்தால்தான் மலை கண்ணுக்குத் தெரியும். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ.; அதில் தொடங்கச் சொல்.

வரைந்ததை எனக்கு அனுப்பி வை. திருத்தித் தருகிறேன், மதிப்பெண்ணில் மட்டும் சிபாரிசு செல்லாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்