கடையில் நிற்கிற பிள்ளைகளின் சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை இலங்கை அரசாங்கம் 30,000 ரூபாய் ஆக்கியதால் யாழ்ப்பாணத்துச் சிறு கடைகள் பூட்டுப்படும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வர்த்தகர் எழுதியிருந்தார். நானும் சுன்னாகத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பேனை, பாடசாலைப் பை விற்கிற கடை. நான்கு இளம்பெண்கள் வேலைக்கு நிற்கிறார்கள்; பிள்ளைகள் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் பழியைப் பிள்ளைகளின் சம்பளத்தில் போடுவதை ஏற்க முடியவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். 2025 மார்ச் வரை சட்டப்படி 17,500 ரூபாயும் நிவாரணப் படி 3,500 ரூபாயுமாக ஒருவருக்கு 21,000. ஏப்ரலில் இரண்டையும் சேர்த்து 27,000 ஆக்கினார்கள். 2026 ஜனவரியில் 30,000. அதற்கு மேல், வேலை செய்கிறவரின் பிற்காலச் சேமிப்புக்காக முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். எல்லாமாக ஒரு பிள்ளைக்கு மாதம் 34,500 ரூபாய் போகிறது. சேமலாப நிதிக்கு அவளுடைய பங்கு 8 வீதம் கழிய அவள் கையில் கிடைப்பது 27,600. 2025 மார்ச்சோடு ஒப்பிட்டால் இந்த நிதிகளையும் சேர்த்து நான்கு பேருக்கும் எனக்குக் கூடியிருக்கிற செலவு மாதம் 41,400 ரூபாய். பாடசாலை தொடங்கும் நாட்களில் இது பெரிதாகத் தெரியாது. மற்ற மாதங்களில் கொப்பி விற்று இந்தக் காசைத் தேடுவது லேசு இல்லை.

சரி, பழைய கதையையும் பார்க்க வேண்டும். 2021 ஓகஸ்ட்டில் 12,500 ஆன சட்டத் தொகை 2024 வரை அசையவே இல்லை. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் கணக்குப்படி பணவீக்கம் 69.8 வீதம். கொப்பியில் ஒட்டிய விலையை நான் எத்தனை தரம் மாற்றி ஒட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. பிள்ளைகளின் சம்பளத்தை அப்படி மாற்றவில்லை. அந்த இரண்டு வருடமும் கடையைத் தாங்கியதில் அவர்களுடைய வயிற்றுக்கும் பங்கு இருக்கிறது. இப்போது கூட்டியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கடன்தான்.

சம்பளம் கூடியதால் நான் யாரையும் நிற்பாட்டவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முன்பு ஐந்து பேர் நின்றார்கள். ஒரு பிள்ளை கலியாணம் செய்து பிரான்சுக்குப் போனாள். அவளுடைய இடத்துக்கு நான் ஆள் எடுக்கவில்லை. வேலை இழந்தவர் என்று எந்தக் கணக்கிலும் இது வராது, ஆனாலும் ஒரு வேலை குறைந்துதான் இருக்கிறது. மறுபக்கம், முன்பெல்லாம் வருடத்தில் இரண்டு மூன்று பேர் விட்டுவிட்டுப் போவார்கள். எந்தப் பாடசாலை எந்தக் கொப்பி கேட்கும் என்று புதிதாக வருகிறவளுக்குப் பழக்கி எடுக்கவே மூன்று மாதம் போகும். கடந்த ஒரு வருடத்தில் ஒருவரும் போகவில்லை. அந்த லாபத்தை வர்த்தகர்கள் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 இல் ஆகக்குறைந்த கூலியை மணிக்கு 4.25 டொலரில் இருந்து 5.05 டொலராக உயர்த்தியது. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்குள்ள துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. தொழிலாளர் பற்றிய இப்படியான ஆய்வுகளுக்காகக் கார்டுக்கு 2021 இல் நோபல் பரிசும் கிடைத்தது. யாழ்ப்பாணம் நியூ ஜெர்சி இல்லைத்தான். என்றாலும் அந்த முடிவுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எங்கள் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. வேறு இடம் தேடிப் போக முடியாதவருக்கு முதலாளி சந்தைக் கூலியை விடக் குறைத்துக் கொடுக்கலாம்; அப்படியான இடத்தில் சட்டம் கூலியைக் கூட்டினாலும் வேலை குறைய வேண்டியதில்லை. இங்கே ஒரு மேசனுக்கோ தோட்டக் கூலியாளுக்கோ சட்டம் சொல்லும் 1,200 ரூபாய் நாட்சம்பளத்தைச் சொன்னால் திரும்பியும் பார்க்கமாட்டார். இந்த இடம் சரிவராவிட்டால் அவருக்கு அடுத்த வளவில் வேலை. ஆனால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டிய, ஒரே பஸ்ஸில் வந்துபோகக்கூடிய இடத்தில் மட்டும் வேலை பார்க்க வீட்டார் விடுகிற பிள்ளைக்கு எத்தனை கடை இருக்கிறது? இரண்டோ மூன்றோ. இந்தச் சட்டம் முக்கியமாக அவளுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு விடயத்தில். 30,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதில் பாதியைச் சற்றே தாண்டிய காசைக் கையில் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. சேமலாப நிதி கட்டாதவை இருக்கின்றன. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. காலை எட்டரைக்கு வந்த பிள்ளையை இரவு ஏழரை வரை, ஒரு சதம் கூடுதலாகக் கொடுக்காமல், நிற்க வைக்கிறார்கள். அப்படிச் செய்கிறவரால் என்னை விடக் குறைந்த விலைக்குக் கொப்பி விற்க முடிகிறது. என் கடை பூட்டுப்படுமென்றால் இதனால்தான் பூட்டுப்படும்.

ஆகவே தொழில் திணைக்களத்திடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போனதா என்று பாருங்கள், கையெழுத்துப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பரிசோதனைக்குப் பகல் பதினொரு மணிக்கு வராமல் கடை பூட்டும் நேரத்தில் வாருங்கள். பிள்ளைகளோடு முதலாளி இல்லாத இடத்தில் கதையுங்கள். என் கடையிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
சிறு கடை உரிமையாளர் ஒருவர்,
சுன்னாகம்.