ஒரு ரூபாய் வந்தது, கடை திறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பனை ஓலைக் கொட்டான், அதாவது சின்னக் கூடை, முடைகிறவள் நான். குழுவில் ஆறு பெண்கள். எங்கள் பக்கம் கல்யாணச் சீர் வைக்கவும் பலகாரம் கொடுக்கவும் கொட்டான் இல்லாமல் ஆகாது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. ஆனால் கடைக்காரர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும்போது அவர் சொல்வதுதான் விலை. அதனால்தான் என் மகள், "அம்மா, ஆன்லைனில் நாமே விற்போம்" என்றாள். சரி என்றேன். ஆனி மாதம் ஆரம்பித்தோம். ஆவணி முகூர்த்தங்களைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

முன்பெல்லாம் ஆன்லைன் விற்பனைத் தளங்களில் ஒரே ஒரு கொட்டான் விற்றாலும் ஜிஎஸ்டி எண் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தினார்கள். வருட விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்பதென்றால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே விற்கலாம். பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். எங்களுக்கு 40 லட்சம் எங்கே, 4 லட்சமே கனவு. அந்தச் சேர்க்கை எண் சுலபமாகவே கிடைத்தது. மகள் வாசல் திண்ணையில் கொட்டான்களை அடுக்கிப் படம் எடுத்து ஏற்றினாள். மிச்சம் இருந்தது வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு மட்டும். "அது ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றாள்.

முதல் தடவை தப்பு எங்களுடையது. வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் பதினொரு எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். இவள் ஆங்கில 'ஓ' என்று அடித்துவிட்டாள். அதைத் தளம் உடனே காட்டிக் கொடுத்தது, திருத்தினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது தடவை நான் அடுப்பில் சாயத்தண்ணீர் கொதிக்கவைத்து ஓலையை முக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் ஊதா. போன் கிணுங்கியது. மகள் ஓடிவந்து, "ஒரு ரூபாய் வந்திருச்சு!" என்றாள். என் கணக்கில் தளத்துக்காரர் போட்ட ஒரு ரூபாய். எனக்குப் போணி ஆனதுபோல் சந்தோஷம். ஓலையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், திரையில் சிவப்பு எழுத்து: சரிபார்ப்பு தோல்வி. பணம் வந்து சேர்ந்த கணக்கு எப்படித் தோல்வி? மறுநாள் இன்னொரு ரூபாய் வந்தது, இன்னொரு தோல்வி. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்று ரூபாய் சேர்ந்ததும், "இனி முயல முடியாது, உதவி மையத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஒரு ரூபாய் வெறும் தூண்டில். பணம் போய்ச் சேர்ந்ததும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கி திருப்பிச் சொல்லும். அந்தப் பெயரையும் பான் கார்டுப் பெயரையும் ஒரு எந்திரம் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் கடை திறக்கும், இல்லாவிட்டால் இல்லை. அடுத்தவர் கணக்குக்குப் பணம் போய்விடக் கூடாது என்கிற எண்ணம் நல்லதுதான். எனக்கும் அதில் சம்மதம்.

என் பெயர் அழகம்மாள். கணவர் பெயர் சேவுகன். தமிழில் என் பெயரை எப்படி எழுதினாலும் ஒரே மாதிரிதான் வரும். ஆங்கிலத்தில்? குழு ஆரம்பித்தபோது வங்கியில் எழுதிக்கொண்டவர் 'ழ'வுக்கு 'எல்' போட்டு, முன்னால் 'எஸ்' என்று இனிஷியல் வைத்தார். ஆதார் எடுத்தவர் 'இசட் எச்' போட்டு, இனிஷியலைக் கடைசியில் தள்ளினார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலே போடக் கூடாதாம், விரித்துத்தான் எழுத வேண்டுமாம். இ-சேவை மையத்துப் பையன் 'அழகம்மாள் சேவுகன்' என்று போட்டுவிட்டான். ஆக, என்னிடம் மூன்று அழகம்மாள்கள். எந்திரத்துக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள்.

உதவி மையத்துப் பெண், "உங்கள் சர்நேம் என்ன?" என்றார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். "அப்படியானால் சேவுகன் யார்?" கணவர். "பான் கார்டில் அப்பா பெயர் கருப்பையா என்றல்லவா இருக்கிறது?" ஆமாம், அப்பா பெயர் அதுதான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பெயர் அச்சிட்ட, ரத்து செய்த செக் ஒன்றை அனுப்பச் சொன்னார். என்னிடம் இருந்த செக்கில் பெயர் அச்சிடவில்லை. பாஸ்புக் முதல் பக்கத்தை அனுப்பினோம். அதிலும் அந்த 'எல்' அழகம்மாள்தானே இருப்பாள்!

வங்கிக்குப் போனேன். பெயரைப் பானில் உள்ளபடி மாற்ற வேண்டும் என்றதும், முதலில் இருந்த அலுவலர் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு எடுத்து வரச் சொன்னார். நான் பெயரையே மாற்றவில்லையே, என் அம்மா வைத்த பெயர்தானே என்றால், "சிஸ்டம் கேட்குதும்மா" என்கிறார். நாலாவது தடவை போனபோது வேறொருவர் இருந்தார். ஆதார், பான், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் வாங்கிய ஒரு உறுதிமொழிப் பத்திரம், இவற்றை வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இதற்கு நடுவில் ஒருவன் போன் செய்தான். "வெரிஃபிகேஷன் டிபார்ட்மென்ட்டிலிருந்து பேசுகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், உடனே முடிந்துவிடும்" என்றான். அலைந்து சலித்திருந்தேன், போட்டிருப்பேன். மகள்தான் போனைப் பிடுங்கினாள். உண்மையான சரிபார்ப்பில் பணம் நமக்குத்தான் வரும்; வருகிற பணத்துக்கு ரகசிய எண் எதற்கு? அவன்மேல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் புகார் செய்தோம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தோல்வி என்று காட்டுகிற திரையில், "உங்கள் வங்கி சொன்ன பெயர் இது, பானில் உள்ள பெயர் இது" என்று இரண்டு வரி காட்டினால் என்ன? அதைச் சொல்லியிருந்தால் நான் முதல் நாளே வங்கிக்குப் போயிருப்பேன். ஒரு மாதம் எந்தத் தப்பு என்றே தெரியாமல் ஐஎஃப்எஸ்சியையும் கணக்கு எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டோம். வங்கி சொன்ன பெயர் ரகசியம் என்கிறார்கள் தளத்துக்காரர்கள். நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்ற முறையில் பணம் அனுப்புகிறவர், அனுப்பும் முன்பே வாங்குகிறவரின் கணக்குப் பெயரைப் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் அதைச் செய்ய வேண்டும் என்றது. முன்பின் தெரியாதவர் என் கணக்குப் பெயரைப் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கக் கூடாதா?

இன்னொன்று இனிஷியல். தமிழ்நாட்டில் நிறையப் பேர் இப்படித்தான் பெயர் எழுதுகிறோம். 'எஸ்' என்ற எழுத்தும் 'சேவுகன்' என்ற சொல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு கஷ்டமா? சந்தேகம் வந்தால் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கட்டும், அதற்கு ஒரு கெடு வைக்கட்டும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளில் வாங்குகிறவர் புகார் செய்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று இருக்கிறது. நல்லது. விற்கிறவள் புகாருக்கு அப்படி ஒரு கெடு சொல்லுங்கள் என்று கேட்டேன், உதவி மையத்தில் யாரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் கடை திறந்தது. அந்த மாதம் எங்கள் பக்கம் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? முடைந்து அடுக்கிய கொட்டான்களில் மேல் வரிசைக்கு வெயில் பட்டுச் சாயம் வெளுத்துவிட்டது. அவற்றைப் பழைய கடைக்காரரே அவர் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து எங்கள் குழுவில் இன்னொருத்தி தனியாகக் கணக்குக் கொடுக்கப் போகிறாள். அவள் பெயர் வாழவந்தாள். பாஸ்புக்கில் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சே. அழகம்மாள்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.