வெட்ட வெட்ட முதன்மை எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பகுதியில் 'பெரியதொரு முதன்மை எண்' (1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) என்று 73939133 ஐப் போட்டிருந்தீர்கள். நல்லது, ஆனால் அதோடு விட்டுவிட்டீர்களே! பெரிய முதன்மை எண்களுக்குப் பஞ்சமே இல்லை. அவை முடிவில்லாதவை என்று பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்கிளிட் எப்போதோ நிறுவிவிட்டார். இந்த எண்ணின் விசேஷம் வேறு.

வலது ஓரத்து இலக்கத்தை நீக்கினால் 7393913. அதுவும் முதன்மை எண். இன்னும் நீக்கிக்கொண்டே போனால் 739391, 73939, 7393, 739, 73, 7. ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாமே முதன்மை எண்கள். இப்படிப்பட்ட எண்கள் மொத்தமே 83 தான். அவற்றுள் மிகப் பெரியது இதுதான்.

ஏன் இதற்கு மேல் போகவில்லை? பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்க வேண்டும். பெரிய முதன்மை எண் 1, 3, 7, 9 இல்தான் முடியும். இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. பின்னால் 1 ஐச் சேர்த்தால் 39, 7 ஐச் சேர்த்தால் 45. இரண்டும் மூன்றால் வகுபடும், ஆகவே அந்த எண்களும் மூன்றால் வகுபடும். 3 ஐயோ 9 ஐயோ சேர்த்தாலும் முதன்மையல்லாத எண்தான், அதாவது சேர்த்தி எண்தான் வருகிறது, ஆனால் அதற்குக் குறுக்குவழி கிடையாது, வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணின் தோற்றத்துக்கும் இதுவே காரணம். தொடக்கத்து 7 ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. எத்தனை 3, 9 சேர்ந்தாலும் மீதி மாறாது. 1 அல்லது 7 ஒருமுறை சேர்ந்தால் மீதி 2 ஆகும், மறுமுறை சேர்ந்தால் மீதியே இராது. அதனால்தான் முதல் 7 க்குப் பிறகு ஒரேயொரு 1. மற்றதெல்லாம் 3 உம் 9 உம். எவ்வளவு அழகான கட்டுப்பாடு!

உப்புவெளியில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் 739 ஐக் கணிகருவி இல்லாமலே சோதித்தார்கள். 23 ஆல் வகுத்ததும் ஒரு மாணவி, "இனித் தேவையில்லை ரீச்சர், அடுத்தது 29, அதன் வர்க்கம் 841, அது 739 ஐத் தாண்டிவிட்டதே" என்றாள். வகுபடும் விதிகளை ஒப்புவிப்பதை விட இது எவ்வளவோ மேல். நம் பாடசாலைகளில் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது), பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) காண்பதோடு எண்கள் முடிந்துபோவது எனக்குப் பெரிய மனக்குறை.

சரி, ஒரு வேண்டுகோள். 5 இல் தொடங்கும் இத்தகைய எட்டிலக்க எண் ஒன்றே ஒன்று உண்டு. அதை அடுத்த மாணவர் பகுதியில் புதிராகக் கேளுங்கள். 5 க்குப் பின் 3, 9 தவிர வேறு இலக்கம் ஏன் வராது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெரிய எண்களைக் கணினியில் சரிபார்க்கட்டும், தவறில்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.