விருதும் விற்காமல் விட்ட மனையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். எங்கள் ரியல் எஸ்டேட் குழுவுக்கு இவ்வாண்டு விருது கிடைத்த செய்தியைப் பிறர் சொல்லித்தான் அறிய நேர்ந்தது என்று உரிமையோடு கடிந்து எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சிக்குக் குறைவில்லை, குழுவின் இளையவர்கள் கேடயத்தோடு படம் எடுத்து ஓய்வதற்குள் மாலையாகிவிட்டது.

இத்துறையில் பல விருதுகள் ஓராண்டில் முடித்த விற்பனைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் பார்த்தே தரப்படுகின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டினாலே கைக்கு வந்துவிடும் விருதுகளும் உண்டு என்பதை உங்களிடம் மறைப்பானேன்? இம்முறை எங்கள் வாடிக்கையாளர்களிடமே கேட்டறிந்து தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு மனநிறைவு. ஏனெனில், நாங்கள் விற்காமல் விட்டவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒருவர் எங்கள் மூலம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கவிருந்த நேரத்தில், தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது இப்போதைய உரிமைக்கு மூலமான பழைய பத்திரத்திலிருந்து, ஒவ்வொன்றாகப் படித்து வந்த எங்கள் வழக்கறிஞர், இடையில் நடந்த பாகப்பிரிவினையில் மகள்களில் ஒருவரின் கையெழுத்து இல்லாததைக் கண்டார். அந்தப் பெண் எதுவும் கேட்கமாட்டார் என்றார் விற்பவர். அந்தப் பெண்ணிடமிருந்து, தம் பங்கின் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும்வரை அந்த மனையைத் தொடவேண்டாம் என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டோம். தரகுத் தொகை போயிற்று. ஆனால் வாங்க வந்த அவரே பின்னர் தம் தம்பியையும் உடன் பணிபுரிவோர் சிலரையும் எங்களிடம் அனுப்பிவைத்தார். அமெரிக்க வீடு, மனைத் தரகர்களின் தேசியச் சங்கம் தன் தொழிலுக்கான ஒழுக்கநெறியை 1913ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. அதன் பிறகு நூறாண்டு கடந்தும், தரகர் என்றதும் முகம் சுளிப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நன்றி சொல்லும்போது அந்த வழக்கறிஞரையும், பத்திரத்தில் உள்ள எல்லையும் தரையில் உள்ள எல்லையும் ஒத்துவராதபோது சலிக்காமல் மறுபடி அளந்து தந்த நில அளவையாளரையும், எங்களை நம்பி அடுத்தவருக்குப் பரிந்துரைத்த பழைய வாடிக்கையாளர்களையும் முன்வரிசையில் வைத்தோம். பெயர்ப்பலகைகூட மாட்டாத நாளில் உங்கள் வீட்டை விற்கும் பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்தவர் நீங்கள். குழுவினர் கையொப்பமிட்ட நன்றிக் கடிதம் தனியே வருகிறது.

உங்கள் மகள் வாங்க நினைக்கும் வீட்டின் பத்திர நகல்களை அனுப்புங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்