பதப்படுத்துவது கலப்படம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்கெட் பாலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பதப்படுத்துதலையும் கலப்படத்தையும் ஒன்றாகவே எண்ணி, கறந்த பாலே நல்ல பால் என்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். பால் ஆய்வகத்தில் பணியாற்றிய எனக்கு இது மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

பாலைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு ரயிலில் அனுப்பத் தொடங்கிய 19-ஆம் நூற்றாண்டில், காசநோய், டைபாய்டு கிருமிகளும் அதனுடன் சேர்ந்தே பயணம் செய்தன; எண்ணற்ற குழந்தைகள் பலியாயினர். 1860-களில் லூயி பாஸ்டர் ஒயினுக்காக வகுத்த மிதமாகச் சூடேற்றும் முறையைப் பாலுக்கும் கையாளலாம் என்று வேதியியலாளர் பிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1886-இல் எடுத்துரைத்தார். ஆனால், சிகாகோ நகரம் அதைச் சட்டப்படி கட்டாயமாக்கியதோ 1908-இல்தான்.

தொடக்கத்தில் தொட்டிகளில் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கப்பட்ட பால், பின்னர் சூடான உலோகத் தகடுகளுக்கிடையே ஓடியபடியே 72 டிகிரியில் 15 விநாடிகளில் பதமாகும் நிலை வந்தது. அந்தச் சூடு ஒரு டிகிரி குறைந்தாலும், குழாயின் முடிவிலுள்ள வால்வு தானாகவே திரும்பிப் பாலைத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அதன் பிறகும் ஆய்வகம் சும்மா விடுவதில்லை. பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பட்டேஸ் என்ற நொதி, காசநோய்க் கிருமியை அழிக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலான சூட்டில்தான் அழியும் என்பதால், அதைக் கண்டறியும் வேதிப்பொருளைச் சேர்த்த சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் தோன்றினால் அந்த நொதி மிஞ்சியிருக்கிறது, பால் போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள்.

கலப்படத்தைத் தடுக்க வழி காட்டியதும் இத்துறையின் ஆய்வகமே. அளவை மட்டும் பார்த்துப் பாலுக்குப் பணம் கொடுத்த காலத்தில் தண்ணீர் கலந்தவருக்கே லாபம். நல்ல மாடு வளர்த்தவருக்கு நட்டம். 1890-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக், பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றி, பிரியும் கொழுப்பை அளவிடும் எளிய சோதனையை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பெறாமல் எல்லோரும் பயன்படுத்த விட்டுவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மீது மதிப்பு கூடுகிறது.

ஏடு படியவில்லை என்பதால் பாலைச் சந்தேகிப்போரும் உண்டு. 1899-இல் ஆகஸ்ட் கோலன் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழியில், கொழுப்புத் துளிகளை அழுத்தத்தால் நுண்ணியதாக உடைத்துவிடுவதால்தான் ஏடு மேலே திரள்வதில்லை. கொழுப்பு பாலிலேயே இருக்கிறது.

இத்தகைய ஐயங்களுக்கு நுகர்வோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் பதப்படுத்தப்பட்டது, கொழுப்புத் துளிகள் உடைக்கப்பட்டனவா என்பவற்றைப் பாக்கெட்டின் முகப்பிலேயே படிக்கத்தக்க எழுத்தில் நிறுவனங்கள் அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்