ஆவாரைக்காக ஒரு மடல்

சாலையோரங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சங்ககாலத்தில் விரும்பிய பெண்ணைத் தர மறுத்தால், இளைஞன் ஆவிரம்பூ மாலை சூடி, பனைமட்டையால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவுக்கு வந்து முறையிடுவானாம். அதற்கும் மடல் என்றுதான் பெயர். என்னிடம் பனைக்குதிரை இல்லை. சூடிக்கொள்ள ஆவாரம்பூவும் இந்த வருடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்கழிக் கடைசியில் பொக்லைன் ஒன்று எங்கள் ஊர்ச் சாலையின் இரண்டு பக்கமும் வழித்துக்கொண்டு போனது. மறுநாள் பார்த்தால் ஆவாரை வேரோடு மல்லாந்து கிடக்கிறது, பூகூட வாடவில்லை. கொங்குப் பக்கம் பொங்கல் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். சந்தையில் கட்டுக் கட்டாக வைத்திருந்ததை வாங்கி வந்தோம். வேலியோரத்துப் பூவுக்குக் காசு கொடுத்தது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

வளைவில் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும், மழைநீர் வடிய வாய்க்கால் வேண்டும். அங்கெல்லாம் தாராளமாக எடுங்கள். ஆனால் நேர்ச்சாலையில், தார் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்ற செடி யாருக்கு என்ன இடைஞ்சல்?

ஆவாரை ஒரு பருவத்தோடு முடிகிற களை இல்லை, பல வருடம் நிற்கிற செடி. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அரிந்தால் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து தழைத்துவிடும். தோல் பதனிடப் பட்டைக்காக அதை வெட்டிக்கொண்டே இருந்த காலத்திலும் அது மறுபடி மறுபடி துளிர்த்தது. மண்ணோடு சேர்த்து வழித்தால் தூரே போய்விடும். அந்த வெற்று மண்ணில் முதலில் முளைப்பது பார்த்தீனியம். அதை எடுக்க அடுத்த வருடம் மறுபடி பொக்லைன்!

இன்னொரு பக்கம், நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் பொன்னரளி வைத்து லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பூ மஞ்சள்தான், சரி. ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, விதை கொடிய விஷம். தரையில் படரவிடும் வெடேலியாவும் அங்கிருந்து வந்ததே. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியை எந்த நடுத்திட்டிலும் நான் பார்த்ததில்லை. எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கத்தான் புதர் வேண்டுமென்றால் ஆவாரையும் ஆளுயரம் வளரும், வேர் பிடித்த பிறகு லாரித் தண்ணீரும் கேட்காது.

காலை வேளையில் பூத்த ஆவாரையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் துளையுள்ள குழல் போன்ற பைகளுக்குள் அடைந்திருக்கும். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு, பறக்காமல், மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல மகரந்தம் கொட்டும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் வேறு, இந்தச் சத்தம் வேறு. சின்னப் பைகளில் இருப்பது வண்டுக்குச் சாப்பாடு, நீண்ட பைகளில் இருப்பது அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போக. இந்த ஏற்பாட்டைத்தான் ஒரு மத்தியானத்தில் குப்பையாக்கினார்கள்.

துத்தியும் கூடவே போயிற்று. சாயங்காலம் விரிகிற பூ என்பதால் பகலில் வேலை பார்த்தவர் கண்ணில் அது பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

கேட்பது இவ்வளவுதான். நேர்ச்சாலைகளில் பொக்லைனுக்குப் பதில் அரிவாளோ வெட்டும் இயந்திரமோ போதும், அதுவும் வருடத்தில் ஒரு தடவை, நெற்று காய்ந்து விதை உதிர்ந்த பிறகு. அப்புறம், அடுத்த நடுத்திட்டில் செடி வைக்கும்போது ஒரு கிலோமீட்டர் மட்டும் ஆவாரைக்குக் கொடுத்துப் பாருங்கள். விதையின் தோல் கெட்டி. லேசாகச் சுரண்டி ஊறவைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

எங்கள் ஊர்ப் புறம்போக்கில் இன்னும் ஐந்தாறு தூர் தப்பி நிற்கிறது. நெற்று காயும்போது ஒரு சாக்கோடு ஆள் அனுப்புங்கள், இடத்தை நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் தினமும் நடந்து போகிறவன்